கலம் யாருக்குச் சொந்தம்?
நமது கடற்கரையின் படகும் எஞ்சினும்: ஒரு வரலாற்றுப் பார்வை

சங்கரன்கோவில் பங்கு மக்களாகிய நமக்குக் கடல் சற்றுத் தொலைவானது. கரிசல் மண்ணும் தறிச் சத்தமும்தான் நமக்குப் பழக்கம். ஆயினும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நமது இல்லங்களில் சமைக்கப்படும் மீன், கடற்கரையில் யாரோ ஒருவர் விடியுமுன் எழுந்து, உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த மீன் என்பதை நாம் மறப்பதற்கில்லை. 1986ஆம் ஆண்டு அக்டோபர் வரை தூத்துக்குடித் துறைமுகமும் நமது சங்கரன்கோவிலும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தன. நாம் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது 2019இல்தான். திருச்சபை வழியிலும் நாம் அண்டை வீட்டார். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இலும், கோட்டாறு மறைமாவட்டம் 1930இலும், நமது பாளையங்கோட்டை மறைமாவட்டம் 1973இலும் உருவாயின. 1542இல் புனித சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரை நமக்கு அந்நியமன்று.

யூபிலி விழா கொண்டாடும் வேளையில் நமது விசுவாச வரலாற்றோடு நமது உழைப்பின் வரலாற்றையும் எண்ணிப் பார்ப்பது தகும். அந்த நோக்கத்துடன் ஒரு கேள்வியை இங்கு ஆராய முற்படுகிறோம். கடலில் போகும் கலம் யாருக்குச் சொந்தம்? பணம் கொடுத்து வாங்கியவருக்கா, கடன் கொடுத்தவருக்கா, ஓட்டுபவருக்கா? கேள்வி எளிதாகத் தோன்றலாம். ஆனால் கட்டுமரத்தில் எஞ்சின் ஏறிய நாள் முதல், நமது கடற்கரைக் குடும்பங்களின் வாழ்வும் தாழ்வும் இந்தக் கேள்வியைச் சுற்றியே சுழன்று வந்திருக்கின்றன.

நற்செய்தியில் இரு படகுகள்

படகின் உரிமை பற்றிய செய்தி நற்செய்தியிலேயே இருப்பதை நாம் பல வேளைகளில் கவனிப்பதில்லை. லூக்காஸ் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் ஏரிக்கரையில் இரு படகுகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று சீமோனுடையது. செபதேயுவின் மக்களான யாகப்பரும் அருளப்பரும் சீமோனின் கூட்டாளிகள் என்று லூக்காஸ் கூறுகிறார். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்திலோ, செபதேயுவின் படகில் கூலியாட்கள் இருந்ததாகக் காண்கிறோம். ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சொந்தக்காரர், கூட்டாளி, கூலியாள் என்னும் மூவரும் ஒரே கரையில் இருந்தனர். நமது கடற்கரையிலும் இந்த மூவரும் இன்றளவும் இருக்கின்றனர்.

1986ஆம் ஆண்டு சனவரி மாதம், மழையின்றிக் கலிலேயா ஏரியின் நீர் வற்றியபோது, சேற்றில் புதைந்திருந்த பழைய படகு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அது நமது ஆண்டவர் வாழ்ந்த காலத்தை ஒட்டியது என்று அறிஞர்கள் கணித்தனர். நீளம் 8.27 மீட்டர், அகலம் 2.3 மீட்டர். அப்படகில் பத்துக்கும் மேற்பட்ட மர வகைகள் காணப்பட்டதே அறிஞர்களை வியக்கச் செய்தது. கிடைத்த மரத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் பழுதுபார்த்து, நெடுங்காலம் ஓட்டியிருக்கிறார்கள். அந்தப் படகுக்காரர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் தம் கலத்தை எவ்வாறு பேணினார் என்பதற்கு ஒவ்வொரு பலகையும் சாட்சியாக இருக்கிறது.

கட்டுமரக் காலம்

நமது தென்கரையில் நெடுங்காலம் வழக்கிலிருந்தவை கட்டுமரமும் வள்ளமும் ஆகும். எடை குறைந்த மரத்தடிகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். கரையோர அலையில் கவிழ்ந்தாலும் மூழ்காது. துறைமுகம் வேண்டுவதில்லை; மணற்கரையே போதும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தடிகளை வெயிலில் உலர்த்துவார்கள். நீர் ஊறிய மரம் உலர்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். கட்டுமரத்துக்குரிய பராமரிப்பு பெரும்பாலும் அவ்வளவே. அதைச் செய்ய வெளியாள் யாரும் வேண்டியதில்லை; மரத்தில் போகிறவரே செய்துகொள்வார்.

பிடித்த மீனைப் பங்கு போடும் முறை ஊருக்கு ஊர் வேறுபட்டது. எனினும் அடிப்படை ஒன்றே. கலத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. கோயிலுக்கென்று ஒரு பகுதியும் பல ஊர்களில் ஒதுக்கப்பட்டது. கலமும் வலையும் வைத்திருந்தவரைச் சம்மாட்டி என்றனர். சம்மாட்டியும் பெரும்பாலும் கடலுக்குப் போகிறவராகவே இருந்தார். பங்கில் கூடுதல் குறைவு இருந்தாலும், காற்றும் அலையும் எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தன.

இதனால் அக்காலம் பொற்காலம் என்று கருதிவிட வேண்டாம். வலைக்குப் பணமில்லாதபோது வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார்கள். வாங்கியவர் பிடிக்கும் மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். மரம் சொந்தம், வலை சொந்தம், மீன் மட்டும் சொந்தமில்லை. இந்த நிலை எஞ்சின் வருவதற்கு முன்பே இருந்தது. எஞ்சின் வந்தபோது இதுவே பன்மடங்காகப் பெருகியது.

இரவல் கப்பலின் பாடம்

பெருங்கலத்தின் உரிமை பற்றிய பாடத்தை நமது பழைய மாவட்டத்துக்குக் கற்பித்தவர் வ. உ. சிதம்பரனார். 1906இல் அவர் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தூத்துக்குடியில் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். முதலில் அவரிடம் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பலைத்தான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். எதிராக இருந்த ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி நெருக்கடி கொடுக்கவே, வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். இரவல் கலத்தை நம்பித் தொழில் செய்ய முடியாது என்பதை உணர்ந்து, அலைந்து திரிந்து பங்குகளை விற்று, சொந்தக் கப்பல்களை வாங்கி வந்தார். 1908இல் அவர் சிறைப்பட்டார். தலைவரை இழந்த நிறுவனம் 1911இல் கலைக்கப்பட்டது.

கலத்தை வாங்குவது ஒரு முயற்சி. வாங்கியதை ஆண்டாண்டாக நிலைநிறுத்துவது மற்றொரு முயற்சி. இரண்டாவதே கடினமானது. இதே பாடத்தைப் பின்னாளில் நமது மீனவர்களும் கற்க வேண்டியிருந்தது.

எஞ்சின் வந்த வரலாறு

இந்தியக் கடற்கரையில் எஞ்சின் படகு பரவியதில் பெரும் பங்கு வகித்தது இந்திய-நார்வே திட்டம். 1952 அக்டோபரில் புதுடெல்லியில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1953இல் கொல்லம் அருகிலுள்ள நீண்டகரை, சக்திகுளங்கரை ஊர்களில் பணி தொடங்கியது. முதலில் அங்கிருந்த நாட்டு வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்தலாம் என்று எண்ணினார்கள். அது சரிப்படவில்லை. எஞ்சினின் எடையையும் அதிர்வையும் தாங்கும்படி அந்தக் கலங்கள் அமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே 22 அடி, 25 அடிப் புதிய படகுகளைக் கட்டினார்கள்.

திட்டத்தின் நோக்கம் ஏழை மீனவரை உயர்த்துவது. ஆனால் 1960களில் உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கடலுக்குப் போகாதவர்களும் பணம் போட்டு இழுவைமடிப் படகுகளை வாங்கினார்கள். நேற்று வரை பங்காளியாக இருந்தவர், பல இடங்களில் பிறர் படகின் வேலையாள் ஆனார்.

தமிழகத்திலும் அரசு மீனவர்களுக்குப் பயிற்சி அளித்தது. மானியமும் கடனும் கொடுத்து விசைப்படகுகளை வழங்கியது. பயன்பெற்றோர் பலர். ஆயினும் ஓர் இடர் இருந்தது. உள்ளே எஞ்சின் பொருத்திய படகின் புரொப்பெல்லர் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். அதை மணற்கரையில் ஏற்ற முடியாது. துறைமுகமோ அமைதியான நீரோ உள்ள இடத்தில்தான் நிறுத்த முடியும். எனவே துறைமுகம் உள்ள ஊர்கள் முன்னேறின. திறந்த மணற்கரை ஊர்கள் கட்டுமரத்தோடு நின்றன. இருவரும் ஒரே கரையோரக் கடலில் வலை வீசியபோது மோதலும் மூண்டது. இழுவைமடி, கட்டுமரத்தாரின் வலையை அறுத்துச் சென்றது. 1970களின் பிற்பகுதியில் தமிழகக் கரையில் இரத்தம் சிந்தும் அளவுக்குப் பகை வளர்ந்தது. அதன் விளைவாகவே 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து 3 நாட்டிகல் மைல் வரை நாட்டுப் படகுகளுக்கென அப்போது ஒதுக்கப்பட்டது.

மரியநாடும் முட்டமும்

இந்த இருண்ட சூழ்நிலையில் திருச்சபை கைகட்டி நிற்கவில்லை என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். திருவனந்தபுரம் ஆயர் மேதகு பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களின் முயற்சியால் உருவான மரியநாடு என்னும் மீனவர் குடியிருப்பில், 1970இல் மீனவர்கள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தாங்களே மீனை ஏலம் விடத் தொடங்கினர். கடன் கொடுத்தவர் விலை வைத்த வழக்கத்துக்கு அது முதல் அடி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் ஆதரவில் ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் எழுந்தன. 1980இல் இச்சங்கங்களை இணைத்துத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைக்கப்பட்டது. ஊரில் சங்கம், மாவட்டத்தில் சம்மேளனம், அதற்குமேல் கூட்டமைப்பு என மூன்று அடுக்கு.

அதன் நடைமுறை எளிது. உறுப்பினர் பிடித்த மீனைச் சங்கமே கரையில் ஏலம் விடும். கிடைத்த பணத்தில் கடன் தவணைக்கு ஒரு பகுதி, உறுப்பினரின் சேமிப்புக்கு ஒரு பகுதி, சங்கச் செலவுக்கு ஒரு பகுதி பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். மீன் கிடைத்த நாளில் தவணை கழியும். கிடைக்காத நாளில் நெருக்கடி இல்லை. விற்பனையும் கடனும் சேமிப்பும் ஒரே கணக்கில் இருந்ததால், படகு மெல்ல மெல்ல உண்மையாகவே மீனவருக்குச் சொந்தமாயிற்று.

அதே காலத்தில் கட்டுமரத்துக்கேற்ற நல்ல தடிகள் கிடைப்பது அரிதாகி விலையும் ஏறியது. இதற்கு மாற்றாக முட்டத்தில் படகு கட்டும் மையம் ஒன்று எழுந்தது. பெல்ஜியம் நாட்டவரான பியேர் ஜில்லே அங்கு மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். அலையில் இறங்க வேண்டும். மணலில் ஏற வேண்டும். பாயும் ஓட வேண்டும். அவுட்போர்டு எஞ்சினும் ஏற்க வேண்டும். ஏழை மீனவருக்கு விலையும் கட்டுப்படியாக வேண்டும். இத்தனையும் ஒரே கலத்தில் அமைவது எளிதா? பொருளியல் அறிஞர் ஷூமாக்கர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் பெயர், சிறியதே அழகானது என்று பொருள்படும். ஜில்லே தமது முட்டம் அனுபவங்களை 1985இல் நூலாக வெளியிட்டபோது, சிறியது கடினமானது என்று பொருள்படும்படி அதற்குப் பெயரிட்டார். அந்தத் தலைப்பிலேயே பல ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் இதே சிக்கலை ஆராய்ந்தது. கரையேறும்போது புரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் வகையில் டீசல் எஞ்சின் பொருத்திய படகுகளை அது வடிவமைத்தது. ஆனால் திறந்த மணற்கரைகளில் பெரிதும் பரவியது அவுட்போர்டு எஞ்சின்தான். அதைச் சாய்த்துத் தூக்கலாம். கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பாயையும் துடுப்பையும் நம்பியிருந்தவர், காற்றில்லாத நாளிலும் போகலாம், வரலாம் என்ற நிலை பிறந்தது.

பேணுதல் என்னும் புதுக் கலை

எஞ்சினோடு கூடவே புதிய செலவும் புதிய அறிவும் கடற்கரைக்குள் நுழைந்தன. கட்டுமரத்தை வெயில் உலர்த்தியது. எஞ்சினை யார் பேணுவது? கடல் நீரின் உப்பு இரும்பை அரிக்கும், அலுமினியத்தைப் பொரித்துவிடும். ஆகவே எஞ்சினைப் பேணத் தெரியாதவருக்கு வாங்கிய சில ஆண்டுகளுக்குள் கடன் மட்டுமே எஞ்சும்.

அவுட்போர்டு எஞ்சினைப் பற்றிக் கடற்கரை இளைஞர்கள் கைப்பழக்கமாகக் கற்றவை பல. நமது வாசகர்களுக்காகச் சிலவற்றைக் கூறுகிறோம்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரையை நெருங்கி நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட விடுவார்கள். இல்லாவிடில் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி மறுநாள் எஞ்சின் கிளம்ப மறுக்கும். மண்ணெண்ணெய் கரியை அதிகம் படிய வைப்பதால் ஸ்பார்க் பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். இருவீச்சு எஞ்சினில் எரிபொருளோடு கலக்கும் எண்ணெய்தான் உள்ளுறுப்புகளுக்கு உயவு. சிக்கனம் என்று எண்ணி அதைக் குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிகைப்படுத்தினால் புகையும் கரியும் பெருகும்.

எஞ்சினைக் குளிர்விப்பது கடல்நீர். அதை உள்ளே இறைப்பது இம்பெல்லர் என்னும் சிறிய ரப்பர்ச் சக்கரம். மணல் கலந்த நீரில் அது விரைவில் தேயும். எஞ்சினின் பின்புறம் நீர் பீய்ச்சுவது நின்றால் உடனே நிறுத்த வேண்டும். வீடு திரும்பியதும் ஒரு டிரம்மில் நல்ல தண்ணீரை நிரப்பி, அதில் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விடுவது உப்பைக் கழுவும் வழி. குடிக்கவே நல்ல தண்ணீர் அரிதான கடற்கரை ஊர்களில் இந்த டிரம் தண்ணீர்கூட ஒரு செலவுதான் என்பதை நாம் உணர வேண்டும்.

கியர் எண்ணெயைத் திறந்து பார்க்கும்போது அது பால்போல் வெளுத்திருந்தால், சீல் தேய்ந்து நீர் புகுந்துவிட்டது என்று பொருள். அன்றே சிறு செலவில் சீலை மாற்றினால் பல்சக்கரம் தப்பும். புரொப்பெல்லர் பாறையில் மோதினால் முதலில் ஒடிவதற்கென்றே சிறிய ஷியர் பின் ஒன்று உண்டு. அது ஒடிந்து பெரிய உறுப்புகளைக் காக்கும். ஆகவே மாற்றுப் பின்னும் மாற்றுப் பிளக்கும் கருவிப்பையும் இல்லாமல் அனுபவசாலி கடலுக்குப் புறப்படமாட்டார். எஞ்சின் இருந்தாலும் துடுப்பைக் கரையில் விட்டுச் செல்லமாட்டார்.

இந்த அறிவு ஊருக்குள் இல்லாதபோது, பழுதான எஞ்சின் தொலைவிலுள்ள பட்டணத்துக்குப் போனது. உதிரிப் பாகத்துக்காக நாட்கணக்கில் காத்திருந்தது. அந்த நாட்களில் கடல் இல்லை, பாடு இல்லை. வட்டி மட்டும் ஓடியது. இதை உணர்ந்தே கூட்டமைப்பு படகு கட்டும் தளங்களோடு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் உதிரிப் பாக விற்பனையையும் கரைக்கு அருகிலேயே ஏற்படுத்தியது. மீனவர் மக்களே மெக்கானிக்குகள் ஆனார்கள். படகைக் கொடுத்ததைவிடப் பட்டறையைக் கொடுத்ததே பெரிய உதவி என்று நாம் கருதுகிறோம்.

தடைக்காலம்: கலத்தின் தவக்காலம்

பெரிய விசைப்படகுகளின் கதை வேறு. சாலையில் ஓடும் லாரிகளுக்கு எஞ்சின் செய்யும் லேலண்டு போன்ற நிறுவனங்களின் டீசல் எஞ்சின்கள் தமிழக விசைப்படகுகளில் இடம்பெற்றன. தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது விதி. ஒரு நாள் எஞ்சின் நின்றால் அந்த நாளே போயிற்று.

முன்பெல்லாம் இத்தகைய படகுகளுக்கு ஓய்வென்று விதிக்கப்பட்ட காலம் இல்லை. 2001இல் தமிழகத்தில் மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி 45 நாள் மீன்பிடித் தடைக்காலம் கொண்டுவரப்பட்டது. 2017 முதல் அது 61 நாளாக உயர்ந்தது. திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி நகரம் வரையுள்ள கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மேற்கே அது கச்சான் காற்று வீசி, கடல் சீறும் தென்மேற்குப் பருவம்.

மீனுக்கென வகுத்த தடைக்காலம் படகுக்கும் பராமரிப்புக் காலமாயிற்று. படகுகளை மேட்டில் இழுத்து ஏற்றுவார்கள். அடியில் ஒட்டிய பாசியையும் சிறு சிப்பிகளையும் சுரண்டி எடுப்பார்கள். இவை மிகுந்தால் படகு கனத்து, எஞ்சின் கரும்புகை கக்கி, டீசலை வீணாகக் குடிக்கும். கடற்புழு துளைத்த பலகையை ஓடாவிகள் மாற்றுவார்கள். பலகை இடைவெளிகளில் பஞ்சுத் திரியை இறுக்கிக் கலப்பத்து அடித்து, எண்ணெய்ப் பூச்சும் வண்ணமும் பூசுவார்கள்.

எஞ்சினைத் திறந்து பிஸ்டன் வளையங்களையும் வால்வுகளையும் பார்ப்பார்கள். எரிபொருளைத் தெளிக்கும் நாசில்களைச் சோதிப்பார்கள். குளிர்விக்கும் குழாய்களில் படிந்த உப்பை நீக்குவார்கள். வெண்கலப் புரொப்பெல்லரும் இரும்பும் கடல் நீரில் ஒன்றாக இருந்தால் இரும்பு விரைவில் அரிபடும். அதைத் தடுக்க அடியில் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். கரைந்த கட்டியை மாற்றி வைப்பது ஆண்டு வேலைகளில் ஒன்று. படகை நீரில் இறக்கிய பிறகும் ஒரு வேலை மீதி இருக்கிறது. மரம் நீரில் ஊறி உருவம் சற்று மாறுவதால், எஞ்சினும் புரொப்பெல்லர்த் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று மிதக்கும் நிலையில் மறுபடி பார்க்க வேண்டும். இல்லாவிடில் அதிர்வு தோன்றித் தண்டையும் தாங்கிகளையும் தின்றுவிடும். தடைக்காலம் முடியுமுன் மீன்வளத் துறை அலுவலர்கள் படகுகளை நேரில் ஆய்வு செய்வதும் வழக்கம்.

இவ்வளவுக்கும் பணம் வேண்டும். வருமானம் இல்லாத இரு மாதங்களில்தான் செலவு மிகுதி. இங்கேதான் பழைய கண்ணி மீண்டும் விரிக்கப்படுகிறது. பழுது பார்க்கப் பணமில்லாத உரிமையாளர் வியாபாரியிடம் முன்பணம் பெறுகிறார். பெற்றதும் அந்தப் பருவத்து மீன் முழுவதும் அவருக்கே போகிறது. பதிவேட்டில் படகு மீனவர் பெயரில் இருக்கும். விலை சொல்லும் உரிமை வேறொருவரிடம் இருக்கும். படகில் வேலை செய்வோருக்கோ அந்த இரு மாதங்களில் பங்கும் இல்லை. அவர்களுள் சிலர் பழுதுவேலையில் கூலி பெறுவர். மற்றவர் அரசின் தடைக்கால நிவாரணத்தையும் கடனையும் நம்பியிருப்பர்.

சுனாமிக்குப் பின்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், கடல் பொங்கி வந்து நமது கரையைச் சூறையாடியதை யாரும் மறக்கவில்லை. குளச்சலிலும் மணக்குடியிலும் குடும்பம் குடும்பமாக மாண்டனர். அதன் பின் உலகெங்குமிருந்து உதவி வந்தது. படகுகளும் எஞ்சின்களும் தாராளமாக வழங்கப்பட்டன. அதுவரை பங்காளியாக மட்டும் இருந்தோர் பலர் சேர்ந்து ஒரு படகுக்கு உரிமையாளர் ஆயினர். நல்ல உள்ளத்தோடு செய்யப்பட்ட உதவி அது. ஆயினும் அவசரத்தில் செய்த சில ஃபைபர் படகுகள் தரத்தில் குறைந்திருந்தன. வலைக்கும் எரிபொருளுக்கும் பழுதுக்கும் யார் பணம் போடுவது என்று பேசி முடிவு செய்யாத இடங்களில் கூட்டு உரிமை நீடிக்கவில்லை. சில படகுகள் விற்கப்பட்டன. சில மணலிலேயே கிடந்தன. பலமான சங்கமும் சேமிப்பும் பட்டறையும் முன்பே இருந்த ஊர்கள் வந்த உதவியை நன்கு பயன்படுத்திக்கொண்டன.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் இவர்களிடையே, பலர் பங்கு சேர்ந்து ஒரு படகை வைத்திருப்பது வழக்கம். கரையைக் காண முடியாத தொலைவில் எஞ்சின் நின்றால் பங்குதாரர், வேலையாள் என்ற வேறுபாடு இல்லை. எல்லாருக்கும் ஒரே ஆபத்து. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் இக்கரையிலிருந்து பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டாவிட்டால் பயனில்லை என்ற கசப்பான உண்மையையும் அது உணர்த்தியது.

தறியும் படகும்

இவற்றையெல்லாம் சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு நாம் ஏன் சிந்திக்க வேண்டும்? நமது தெருக்களில் ஓடும் விசைத்தறியை எண்ணிப் பாருங்கள். தறி வீட்டுக்காரருடையது, நூல் முதலாளியுடையது, நெய்த சேலையும் அவருடையதே, நமக்குக் கூலி. தறி பழுதானால் செலவு யாருடையது? தறி வைத்திருப்பவருடையது. முன்பணம் வாங்கியிருந்தால் வேறு இடத்துக்கு நெய்ய முடியுமா? முடியாது. படகுக்கு வந்த அதே கேள்வி தறிக்கும் வருகிறது. கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் ஏற்றத் தாழ்வுகளைக் கண்ட நமக்கு, மரியநாட்டு மீனவர்கள் ஏல உரிமையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டதன் அருமை நன்றாகவே விளங்கும்.

நாம் கண்ட வரலாற்றிலிருந்து தெளிவாகும் செய்தி இதுதான். ஒரு கருவி நமக்குச் சொந்தமாவதற்கு மூன்று காரியங்கள் கூடிவர வேண்டும். அதை வாங்கிய கடன் உழைப்பின் அளவுக்கு ஏற்பக் கழிய வேண்டும். அதைப் பழுதுபார்க்கும் அறிவு நம் வீட்டிலோ ஊரிலோ இருக்க வேண்டும். அதன் விளைவை விற்கும்போது விலை பேசும் உரிமை நம்மிடம் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பத்திரத்தில் உள்ள பெயர் வெறும் பெயரே.

ஆகவே யூபிலி ஆண்டில் நமது பங்கு மக்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தறிக்காரரோ, ஆட்டோ ஓட்டுபவரோ, மோட்டார் வைத்து விவசாயம் செய்பவரோ, ஒவ்வொருவரும் நல்ல பருவத்திலேயே பழுதுச் செலவுக்கென ஒரு சிறு தொகையைத் தனியே ஒதுக்கி வைக்கலாம். அன்பியங்களிலும் சங்கங்களிலும் அதைச் சேர்ந்தே செய்யலாம். நமது இளைஞர்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு அனுப்பும்போது, பிற ஊர் வேலைக்கு மட்டுமன்றி, நம் தெருவில் நிற்கும் எந்திரத்தை நம் பிள்ளையே சரிசெய்யும் நாளையும் மனத்தில் கொண்டு அனுப்பலாம்.

மீன் வாங்கும்போது கடற்கரைச் சகோதரர்களையும் நினைப்போம். ஏப்ரல் முதல் ஜூன் வரை மீன் விலை ஏறும்போது, தூத்துக்குடிக் கரையில் மேடேறி நிற்கும் படகுகளின் அடியில் உளியும் சுத்தியும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஓடாவியும் மெக்கானிக்கும் வலைஞரும் அடுத்த பருவத்துக்காகக் கலத்தை ஆயத்தம் செய்துகொண்டிருப்பார்கள். அவர்கள் பத்திரமாகப் போய்த் திரும்ப, கடலின் விண்மீனாகிய நமது அன்னை மரியாளை மன்றாடுவோமாக.